கடலோர வெக்கையில் ஓவர்நைட் ஓட்ஸ்: முதல்முறை ஊறப்போடுகிறவர்களுக்கு

எங்கள் வீட்டில் ராத்திரி மிஞ்சின சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடிவைப்பது அப்பத்தாவின் வேலை. மண்சட்டி, நல்ல தண்ணி, மேலே ஒரு தட்டு, தட்டின் மேல் பூனை தள்ளாமலிருக்க ஒரு குழவிக்கல். விடிய நாலு மணிக்கு அப்பா வள்ளத்துக்குக் கிளம்பும்போது அதைக் கையால் பிசைந்து உப்புப் போட்டுத் தூக்குவாளியில் ஊற்றிக் கொடுப்பார். அதைப் பார்த்தே வளர்ந்ததால், ஓவர்நைட் ஓட்ஸ் என்று ஒன்றைக் கேள்விப்பட்டபோது எனக்குப் புதுமையாகவே தெரியவில்லை. ராத்திரி ஊறப்போட வேண்டும், காலையில் அடுப்புப் பற்றவைக்காமல் சாப்பிட வேண்டும், அவ்வளவுதானே? அந்த நினைப்பில்தான் முதல் பாட்டிலைக் கெடுத்தேன்.

தங்கச்சிமடத்திலிருந்து ராமநாதபுரத்துக்கு வேலைக்குப் போகிறேன். ஆறரைக்குள் பஸ் ஏறினால்தான் உட்கார இடம். அந்த நேரத்துக்கு இட்லி அவித்து முடிவதும் இல்லை, வெறும் வயிற்றோடு பாம்பன் பாலம் தாண்டினால் காற்றும் ஒத்துக்கொள்வதில்லை. சரி, ஓட்ஸ் முயற்சி செய்வோம் என்று ஓட்ஸும் பாலும் சீனியும் போட்டுக் கலக்கி, பழைய சோற்றுச் சட்டிக்குப் பக்கத்திலேயே அடுப்படி மேடையில் வைத்துவிட்டுப் படுத்தேன். சித்திரை மாதம். காலையில் மூடியைத் திருகினால் 'புஸ்' என்றது. மேலே மஞ்சளாகத் தண்ணீர் தெளிந்து நின்றது, கீழே பால் திரிதிரியாகக் கிடந்தது, நடுவில் சின்னச் சின்னக் குமிழிகள். வாடையைப் பற்றிச் சொல்ல வேண்டாம். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "என்னடி இது, வீட்டுக்குள்ளயே ஊறல் போட்டு வச்சிருக்க?" என்றார். ஊறல் என்றால் கள்ளச்சாராயத்துக்குப் போடுவது, போலீஸ் வந்து குழி தோண்டிக் கொட்டிவிட்டுப் போகிற சமாச்சாரம். அதனால்தான் இதை நான் யாரிடமும் 'ஊறல் ஓட்ஸ்' என்று சொல்வதில்லை. ஓவர்நைட் ஓட்ஸ் என்றே இருக்கட்டும்.

ஏன் கெட்டது? பழைய சோறு வெந்த சோறும் தண்ணீரும். அதில் பெரும்பாலும் பெருகுவது புளிக்கவைக்கும் லாக்டிக் அமில பாக்டீரியா. அந்தப் புளிப்பே மற்ற கிருமிகளை ஓரளவு அண்டவிடாமல் வைக்கிறது. பால் அப்படி இல்லை. இனிப்பும் புரதமும் கலந்த பாலில் எந்தக் கிருமிக்கும் இடம் உண்டு. 5 டிகிரியிலிருந்து 60 டிகிரி செல்சியஸ் வரை அவற்றுக்குச் சாதகமான சூடு. நம் ஊரில் கோடையில் ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் தலையணை சுடும், பால் மட்டும் எப்படித் தாங்கும்? குளிர் நாட்டுக்காரர்கள் செய்முறை எழுதும்போது 'இரவு முழுக்க ஊறவிடவும்' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். ஃப்ரிஜ்ஜுக்குள் என்பது அவர்களுக்குச் சொல்லாமலே தெரியும். பழைய சோற்றுப் பழக்கம் உள்ள நமக்கு அதைத்தான் முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது: பாலோ தயிரோ தேங்காய்ப்பாலோ சேர்ந்த ஓட்ஸ், ராத்திரி முழுக்க ஃப்ரிஜ்ஜில்தான் இருக்க வேண்டும்.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு பழைய கதையும் உண்டு. 1900 வாக்கில் சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நகரில் மாக்ஸிமிலியன் பிர்ஷர்-பென்னர் என்ற மருத்துவர் தன் நோயாளிகளுக்கு ஊறவைத்த ஓட்ஸ் கொடுத்தார். இன்று மூஸ்லி என்று சொல்கிறோமே, அதன் தொடக்கம் அது. அவர் கணக்கில் ஓட்ஸ் ஒரே ஒரு மேசைக்கரண்டி. அதை மூன்று கரண்டி தண்ணீரில் பன்னிரண்டு மணி நேரம் ஊறவைத்து, சாப்பிடும்போது துருவிய ஆப்பிள், எலுமிச்சைச் சாறு, கெட்டிப்பால், கொட்டைகள் சேர்ப்பார். உண்மையில் அது ஆப்பிள் சாப்பாடு, ஓட்ஸ் கொசுறு. இதில் நான் கவனித்தது வேறு: அவரே ஊறவைத்தது வெறும் தண்ணீரில்தான், பால் பிறகு வந்தது.

எந்த ஓட்ஸ்

கடையில் போய் 'ஓட்ஸ்' என்று மட்டும் கேட்டால் கைக்கு வந்ததை எடுத்துக் கொடுப்பார்கள். நமக்கு வேண்டியது ரோல்டு ஓட்ஸ், அதாவது ஆவியில் வேகவைத்துத் தட்டையாக்கிய முழு அவல். நம் அரிசி அவலைப் போல நினைத்துக்கொள்ளுங்கள், கெட்டி அவலுக்கு ஏறக்குறைய நெருக்கம். ஏற்கெனவே ஆவியில் வெந்தது என்பதால்தான் அடுப்பில் வைக்காமல் ஊறவைத்தே சாப்பிட முடிகிறது. இன்ஸ்டன்ட், குயிக் என்று போட்டிருப்பவை இன்னும் மெல்லியவை. ஊறினால் காலையில் பசையாக நிற்கும், சுவரொட்டி ஒட்டலாம். ஆனாலும் வீட்டில் அதுதான் இருக்கிறது என்றால் பாலைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு ஓட்டலாம். ஸ்டீல் கட் என்று நொய் மாதிரி வருவது ராத்திரி முழுக்க ஊறினாலும் பல்லுக்கு வேலை வைக்கும். மசாலா பாக்கெட் ஓட்ஸ் இதற்கு ஆகவே ஆகாது.

வாங்கும்போது அரைக் கிலோ பாக்கெட்டாக வாங்குங்கள். ஒரு கிலோ மலிவு என்று தோன்றும், ஆனால் நம் உப்புக்காற்றில் பிரித்த பாக்கெட் பத்து நாளில் பதத்துப்போகும். ஓட்ஸில் மற்ற தானியங்களைவிடக் கொழுப்புச் சத்து அதிகம், அதனால் நாள்பட்டால் சிக்கு வாடையும் அடிக்கும். பிரித்த அன்றே காற்றுப் புகாத டப்பாவில் கொட்டி, இடம் இருந்தால் ஃப்ரிஜ்ஜிலேயே வையுங்கள். எங்கள் அம்மா வண்டு வராமலிருக்க வத்தலைப் போட்டுவைத்தார். வண்டு வரவில்லைதான், ஓட்ஸ்தான் காரமாகிவிட்டது.

தண்ணி

இந்தப் பக்கத்து ஆட்களுக்கு மட்டும் இது. எந்தச் செய்முறையிலும் இருக்காது. நம் ஊரில் 'தண்ணி' வேறு, 'நல்ல தண்ணி' வேறு. குழாயிலும் போரிலும் வருவது பெரும்பாலும் உப்பு. அதில் பருப்பு வேக மறுக்கும், டீ கரிக்கும். ஓட்ஸ் அதைவிட மோசம், ஏனென்றால் ஊற்றுகிற தண்ணீர் முழுவதையும் உள்ளே இழுத்துக்கொள்ளும், வடிகட்டிக் கொட்டவும் வழியில்லை. ஒருமுறை குடத்தில் நல்ல தண்ணி தீர்ந்துபோய், தண்ணி வண்டியும் வராத நாள், அரை கிளாஸ்தானே என்று போர் தண்ணியை ஊற்றினேன். காலையில் கருப்பட்டி எவ்வளவு சேர்த்தும் கடலில் மூழ்கி எழுந்த மாதிரியே இருந்தது. குடிக்கிற தண்ணீர் எதுவோ, அதைக் காய்ச்சி ஆறவைத்தே ஊற்றுங்கள். இல்லையென்றால் பால் மட்டும் போதும், தண்ணீரே வேண்டாம்.

ராத்திரி ஐந்து நிமிஷம்

அளவுக்கு டீக்கடைக் கண்ணாடி கிளாஸை வைத்துக்கொள்ளுங்கள். அதில் தலைதட்டி ஒரு கிளாஸ் ஓட்ஸ் சுமார் 40 கிராம், ஒரு ஆளுக்குச் சரி. இதைப் பார்த்து 'இவ்வளவுதானா' என்று எல்லோரும் இன்னொரு கை அள்ளிப் போடுவார்கள். நானும் போட்டேன். காலையில் ஸ்பூன் நட்டமாக நின்றது. ஊறினால் உப்பும், பொறுமையாக இருங்கள்.

வாயகன்ற கண்ணாடி பாட்டில் நல்லது. பழைய ஹார்லிக்ஸ் பாட்டில், ஊறுகாய் பாட்டில் எதுவும் ஆகும், ஊறுகாய் வாடை மட்டும் போயிருக்க வேண்டும். எவர்சில்வர் டிபன் டப்பாவிலும் செய்யலாம். ஓட்ஸ் போட்டு, ஒரு சிட்டிகை உப்பு தூவுங்கள். இனிப்பாகச் செய்தாலும் அந்தச் சிட்டிகையை விட்டுவிடாதீர்கள், அது இல்லாமல் ருசி படுத்துக்கிடக்கும். அடுத்து, காய்ச்சி நன்றாக ஆறின பால் அதே கிளாஸில் ஒன்று. பால் கைச்சூட்டில் இருந்தால்கூட அவசரப்படாதீர்கள். வெதுவெதுப்பான பாட்டிலை உள்ளே வைத்தால் ஃப்ரிஜ் அதைக் குளிர்விக்கவே ரெண்டு மணி நேரம் எடுத்துக்கொள்ளும், அந்த நேரம் கிருமிக்குத்தான் லாபம். முன்கூட்டியே ஃப்ரிஜ்ஜில் குளிர்ந்த பால் இருந்தால் அதுதான் சரி.

பாலுக்கு மேல் அரை கிளாஸ் கெட்டித் தயிர். புளிக்காத தயிராகப் பாருங்கள். தயிர் இல்லாமலும் செய்யலாம், ஆனால் அந்த லேசான புளிப்புதான் இதைக் குழந்தைக் கஞ்சியிலிருந்து காப்பாற்றுகிறது. அப்புறம் விருப்பமிருந்தால் ஒரு டீஸ்பூன் சப்ஜா விதை அல்லது சியா விதை. சப்ஜா என்றால் ஃபலூடாவிலும் சர்பத்திலும் கறுப்பாக மிதக்குமே, அதுதான். இரண்டும் தண்ணீரை உறிஞ்சி உப்பும், எனவே போட்டால் பாலில் ரெண்டு ஸ்பூன் கூட்டிக்கொள்ளுங்கள்.

இப்போது கலக்குவது. இதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். மேலாகக் கிளறி மூடினால், அடியில் ஒரு கைப்பிடி ஓட்ஸ் காய்ந்தபடியே உட்கார்ந்திருக்கும். நீளமான ஸ்பூனால் அடியைக் கிளப்பி, ஓரத்தில் ஒட்டியதை வழித்து, ஒரு நிமிஷம் விட்டு மறுபடி ஒருமுறை கிளறுங்கள். இந்த நிலையில் பார்த்தால் தண்ணியாகத்தான் தெரியும், ஓட்ஸ் அடியிலும் பால் மேலேயுமாக. அப்படித்தான் இருக்க வேண்டும். விடியும்போது எல்லாம் சேர்ந்து, ஸ்பூனில் எடுத்தால் மெதுவாகச் சரிகிற பதத்துக்கு வந்துவிடும். கூழ் பதத்துக்கும் பாயசப் பதத்துக்கும் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். குறைந்தது ஐந்தாறு மணி நேரம் ஊறணும், எட்டு மணி நேரம் ஊறினால் திருத்தம்.

ஃப்ரிஜ்ஜும் கரண்டும்

மூடியை இறுக்கி மூடுங்கள். இதை அழுத்திச் சொல்லக் காரணம், இந்தக் கரையில் எந்த வீட்டு ஃப்ரிஜ்ஜிலும் ஒரு டப்பா மீன் இருக்கும். பாலும் தயிரும் வாடையை அப்படியே பிடித்துக்கொள்ளும். மூடி சரியில்லாமல் ஒரு நாள் நான் சாப்பிட்டது ஓட்ஸா, சாளை மீன் பாயசமா என்று இன்னும் சந்தேகம். மேல் தட்டில், உள்பக்கமாகத் தள்ளி பாட்டிலை வையுங்கள். பச்சை மீன் கீழ்த் தட்டில் இருக்கட்டும், அதன் தண்ணீர் மற்றவற்றின் மேல் சொட்டக்கூடாது. கதவுப் பக்கம் வைக்காதீர்கள், அங்கேதான் குளிர் குறைவு, திறக்கத் திறக்கச் சூடும் ஏறும்.

கரண்டு போனால்? திறக்காமல் விட்டால் ஃப்ரிஜ் ஏறக்குறைய நாலு மணி நேரம் குளிரைத் தாங்கும். பதினோரு மணிக்குப் போய் ஒரு மணிக்கு வந்தால் பயப்பட ஒன்றுமில்லை. ராத்திரி முழுக்க இல்லை என்றால், காலையில் பாட்டில் தொட்டால் சில்லென்று இல்லை என்றால், யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். முகர்ந்து பார்த்து முடிவெடுக்கிற பழக்கம் நம்மிடம் உண்டு. கெட்டுப்போன எல்லாமே வாடை அடிக்காது. புயல் சின்னம் என்று கூண்டு ஏற்றிய நாட்களில் நான் ஊறப்போடுவதே இல்லை.

ஃப்ரிஜ் இல்லாத வீடுகளுக்கு ரெண்டு வழி. ஒன்று, மீன் வைக்கிற தெர்மாகோல் பெட்டி. புதுசாக, மீனுக்கென்று பழகாத சின்னப் பெட்டியாக இருக்க வேண்டும். பாட்டிலை ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி, நொறுக்கின ஐஸில் கழுத்து வரை புதைத்து மூடி, காலையில் ஐஸ் இன்னும் மிச்சம் இருந்தால் ஓட்ஸும் சரியாக இருக்கும். மீனுக்குப் போடுகிற ஐஸ் குடிக்கத் தகுந்த தண்ணீரில் செய்தது என்று நம்பக்கூடாது, ஒரு துளிகூட உள்ளே போகாதபடி கட்டுங்கள். இதைவிட எளிது ரெண்டாவது வழி: ராத்திரியை விட்டுவிட்டு, விடியற்காலை எழுந்ததும் கொதிக்கிற பாலை ஓட்ஸில் ஊற்றி மூடிவைத்து, குளித்துவிட்டு வருவது. அரை மணி நேரத்தில் மெத்தென்று ஆகிவிடும். ஓவர்நைட் என்ற பேர்தான் போச்சு, வயிறு நிறையும்.

இனிப்புக்குக் கருப்பட்டி

சீனி, தேன் எல்லாம் அவரவர் விருப்பம். என் வீட்டில் கருப்பட்டிதான். சாயல்குடிப் பக்கத்திலிருந்து வருகிற கருப்பட்டி கிடைக்கிற ஊரில் இருந்துகொண்டு தேன் பாட்டில் வாங்குவானேன்? ஆனால் கருப்பட்டியைத் தட்டி நேராகப் போடக்கூடாது. அடியில் மண் இருக்கும், ஓலைத் துணுக்கு இருக்கும். நூறு கிராம் கருப்பட்டிக்கு அரை கிளாஸ் தண்ணீர் விட்டுக் கரையும் வரை கொதிக்கவைத்து, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். வடிகட்டின துணியைப் பார்த்தால் நான் சொல்வதன் நியாயம் புரியும். ஆறினதும் பாட்டிலில் ஊற்றி ஃப்ரிஜ்ஜில் வைத்தால் ஒரு வாரத்துக்கு வரும். ஒரு ஆள் ஓட்ஸுக்கு ரெண்டு டீஸ்பூன். சூடாக இருக்கும்போது பாலில் ஊற்றாதீர்கள், திரிந்துபோக வாய்ப்புண்டு. இஷ்டப்பட்டால் ஒரு ஏலக்காய், ஒரு துளி சுக்குப் பொடி.

அல்வா மாதிரிக் கிண்டுகிற கீழக்கரைத் தொதல் சாப்பிட்டவர்களுக்கு ஒரு குறிப்பு. கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பாலுக்குப் பதில் இரண்டாம் தேங்காய்ப்பாலில் ஊறவைத்து, காலையில் மேலே ஒரு கரண்டி முதல் பால், கருப்பட்டிப் பாகு, வறுத்த முந்திரி. தொதல் கிண்டுகிற கை வலி இல்லாமல் அதன் வாசம் பாதி கிடைக்கும். தேங்காய்ப்பால் மாட்டுப்பாலைவிடச் சீக்கிரம் புளிக்கும், அன்றைக்குப் பிழிந்ததை அன்றைக்கே ஃப்ரிஜ்ஜில் ஏற்றிவிடணும். மறுநாள் காலைக்கு மேல் மிச்சம் வைக்கக்கூடாது.

தம்பி ஒருநாள் பதநீரில் ஊறப்போடலாமா என்று கேட்டான். அவன் விசைப்படகில் போகிறவன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வீட்டில் இருந்துகொண்டு எல்லாவற்றிலும் யோசனை சொல்வான். பதநீர் நேரமாக ஆகப் புளிக்கிற பொருள், அதை ராத்திரி முழுக்க ஓட்ஸோடு அடைத்துவைத்தால் அம்மா சொன்ன ஊறல் நிஜமாகிவிடும். காலையில் இறக்கின பதநீரைத் தனியாகக் குடித்துக்கொள்ளட்டும்.

பழம் எப்போது

பெரும்பாலும் காலையில்தான். வாழைப்பழம் ராத்திரி போட்டால் கறுத்துக் கொழகொழக்கும். பப்பாளியும் அன்னாசியும் கறுக்காது, ஆனால் அவற்றில் பாலின் புரதத்தைச் சிதைக்கிற நொதி இருக்கிறது. ராத்திரி முழுக்கப் பாலோடு கிடந்தால் கசப்பேறிவிடும். எனக்கு இது தெரியாமல், பால்தான் கெட்டது என்று நினைத்துப் பால்காரரிடம் சண்டைக்குப் போய்விட்டேன். பாவம், அவர் மேல் தப்பே இல்லை. மாம்பழம், சப்போட்டா, மாதுளை எல்லாம் சாப்பிடும்போது நறுக்கிப் போடுங்கள்.

விதிவிலக்கு பேரீச்சையும் உலர்திராட்சையும். அவை ராத்திரியே போய் ஊறட்டும், ஊறினால் தானே இனிப்பை விட்டுவிடும், கருப்பட்டி பாதியாகக் குறைந்துவிடும். வேர்க்கடலை, முந்திரி, பாதாம் வறுத்து காலையில், நறுக்கென்று கடிபட வேண்டும் என்றால்.

கோடையில் நுங்கு. இதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை. இளசாகப் பார்த்து, தோலை உரித்து, உள்ளிருக்கும் தண்ணியோடு சேர்த்து நறுக்கி, குளிர்ந்த ஓட்ஸின் மேல் போட்டுச் சாப்பிட்டுப் பாருங்கள்.

மோர் ஓட்ஸ்

இனிப்பு ஓட்ஸை எங்கள் வீட்டில் நான் மட்டும்தான் சாப்பிட்டேன். அப்பத்தா ஒரு ஸ்பூன் வாயில் போட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா இதக் குடிச்சிட்டுக் கடலுக்குப் போவாகளா?" என்று கேட்டார். கேள்வியில் நியாயம் இருந்தது. காலையில் உப்பும் காரமும் உள்ளே போனால்தான் சாப்பிட்ட மாதிரி இருக்கும் நம் ஆட்களுக்கு. அதற்காகச் செய்தது இது. இப்போது வீட்டில் நாலு பாட்டில் போடுகிறேன் என்றால் மூன்று இதுதான்.

ஒரு கிளாஸ் ஓட்ஸ், ஒரு கிளாஸ் நல்ல தண்ணி, அரை கிளாஸ் தயிர். பால் வேண்டாம், இனிப்பு வேண்டாம். கலக்கி, மூடி, ஃப்ரிஜ்ஜுக்குள். இதிலும் தயிர் இருக்கிறது, பழைய சோறு மாதிரித்தானே என்று மேடையில் வைத்துவிடாதீர்கள்.

காலையில் வெளியே எடுத்தால் கெட்டியாக நிற்கும். கால் கிளாஸ் மோர் விட்டுக் கையாலேயே பிசையுங்கள். ஸ்பூனால் கலக்கினால் ஓட்ஸ் தனித்தனியாக நிற்கும், கையால் பிசைந்தால் பாதி மசிந்து பாதி நின்று, பழைய சோறு மாதிரி பதம் வரும். உப்பு இப்போதுதான் போட வேண்டும். சின்ன வெங்காயம் நாலைந்தைப் பொடியாக நறுக்கி, ஒரு பச்சை மிளகாயைக் கிள்ளி, இஞ்சி ஒரு துண்டைத் தட்டிப் போடுங்கள். சின்ன வெங்காயத்துக்குப் பதில் பெரிய வெங்காயம் போடலாமா என்று கேட்காதீர்கள். நேரம் இருந்தால் ஒரு ஸ்பூன் நல்லெண்ணெயில் கடுகு, கருவேப்பிலை தாளித்துக் கொட்டலாம்.

தொட்டுக்கொள்ள நம் குண்டு மிளகாய் இருக்கவே இருக்கிறது. 2023இல் புவிசார் குறியீடு வாங்கின ராமநாதபுரம் குண்டு மிளகாய், அதைக் காம்போடு எண்ணெயில் போட்டு, நிறம் கறுக்கும் முன் எடுத்து, உப்புத் தூவி நொறுக்கிக்கொண்டால் போதும். மோர் மிளகாய் இருந்தால் அதுவும் சரி. இன்னும் கொஞ்சம் துணிச்சல் உள்ளவர்கள் நெத்திலிக் கருவாட்டை வெறும் சட்டியில் மொறுமொறுவென்று வறுத்துக்கொள்ளலாம். மீனும் மோரும் சேராது என்கிறவர்கள் கருவாட்டை விட்டுவிடுங்கள், பிரச்சினை இல்லை. என் தம்பி விடமாட்டான். தடைக்காலம் முடிந்து முதல்நாள் கடலுக்குப் போகும்போது அவனே கேட்டு வாங்கிக்கொண்டு போனது இந்த மோர் ஓட்ஸைத்தான். ஐஸ் பெட்டியில் வைத்து, வலை விட்ட பிறகு சாப்பிட்டானாம். "கம்பங்கூழுக்குத் தம்பி மாதிரி இருக்குக்கா" என்றான். கேழ்வரகுக் கூழும் கம்பங்கூழும் கிடைக்கிற வீட்டில் ஓட்ஸ் கட்டாயம் இல்லை என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன். கூழ் காய்ச்ச ஆள் இல்லாத வீட்டுக்குத்தான் இது.

நோன்பு மாதத்தில்

என்னோடு வேலை பார்க்கும் பெரியபட்டினத்துத் தோழி ஒருத்தி இதைச் சஹருக்கு, அதாவது நோன்பு வைக்க விடியுமுன் சாப்பிடுகிற சாப்பாட்டுக்கு, பழக்கிவிட்டாள். தூக்கக் கலக்கத்தில் மூன்றரை மணிக்கு அடுப்படியில் நிற்க வேண்டாம், ஃப்ரிஜ்ஜைத் திறந்தால் ஆளுக்கொரு பாட்டில். அவள் கணக்கு: ஒரு கிளாஸ் ஓட்ஸுக்குப் பால் ஒன்றேகால் கிளாஸ், பேரீச்சை நாலு, சப்ஜா ஒரு ஸ்பூன், உப்பு மிகக் குறைவு. உப்பைக் குறைப்பது பகலில் தாகம் எடுக்காமல் இருக்க.

யார் பார்த்துச் சாப்பிட வேண்டும்

40 கிராம் ஓட்ஸில் ஏறக்குறைய 150 கலோரி, 5 கிராம் புரதம், 4 கிராம் நார்ச்சத்து. அந்த நார்ச்சத்தில் பீட்டா குளுக்கன் என்று ஒன்று, அதுதான் ஊறின ஓட்ஸை வழவழப்பாக்குவது. ஒரு நாளைக்கு 3 கிராம் பீட்டா குளுக்கன் ரத்தக் கொழுப்பைக் குறைக்க உதவும் என்பதை வைத்து 1997இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஓட்ஸ் பாக்கெட்டில் இதயத்துக்கு நல்லது என்று அச்சிட அனுமதித்தது. நம் ஒரு கிளாஸில் இருப்பது அதில் பாதிதான். ஆகவே பாட்டிலைப் பிடித்துக்கொண்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

சர்க்கரை உள்ளவர்களிடம் ஒன்று சொல்லணும், கோபப்படாமல் கேளுங்கள். கருப்பட்டியும் இனிப்புதான். 'கருப்பட்டி ஒண்ணும் செய்யாது' என்று சொல்கிறவர்கள் உங்கள் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்ததில்லை. ஓட்ஸும் மாவுச்சத்துதான், அளவு கூடினால் சர்க்கரையும் கூடும். உங்களுக்கு மோர் ஓட்ஸ், ஒரு கிளாஸோடு நிறுத்தம். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் பாக்கெட்டில் குளூட்டன் இல்லாதது என்று போட்டிருக்கிறதா பாருங்கள், சாதாரண ஓட்ஸில் கோதுமை கலந்து வர வாய்ப்புண்டு.

முதல் வாரம் பலருக்கும் வயிறு கொஞ்சம் உப்பும். இவ்வளவு நார்ச்சத்துக்கு வயிறு பழக வேண்டும், அவ்வளவுதான். அரை கிளாஸில் ஆரம்பித்து, தண்ணீர் நிறையக் குடித்து, ரெண்டாம் வாரம் முழு கிளாஸுக்குப் போங்கள்.

எத்தனை நாள் வைக்கலாம்

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி உட்கார்ந்து வாரம் முழுக்க ஐந்து பாட்டில் போட்டு அடுக்குகிறவர்கள் உண்டு. நான் ரெண்டு நாளைக்கு மேல் போடுவதில்லை. மூன்றாம் நாள் கெட்டுப்போகாது, ஆனால் புளிப்பு ஏறி, ஓட்ஸ் இருந்த அடையாளமே இல்லாமல் கரைந்துவிடும். நம் ஊர்க் கரண்டை நம்பி நாலு நாள் கணக்குப் போடுவதும் புத்திசாலித்தனம் இல்லை. பஸ்ஸில் எடுத்துப் போகிறவர்கள் ஃப்ரிஜ்ஜிலிருந்து எடுத்த ரெண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிடுங்கள். கோடையில் ஒரு மணி நேரம். நான் பாலம் தாண்டி மண்டபம் வருவதற்குள் முடித்துவிடுவேன். ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் மூடியைத் திறக்கும்போது காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பின்சீட்டுக்காரர் சட்டையில்தான் சப்ஜா விதை இருக்கும்.

காலி பாட்டிலை அப்படியே பையில் போட்டுச் சாயங்காலம் வரை வைத்திருந்தால், ஓட்ஸ் ஓரத்தில் கோந்து மாதிரி காய்ந்து பிடித்துக்கொள்ளும். சாப்பிட்டதும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் குலுக்கிக் கொட்டிவிடுங்கள். வீட்டுக்கு வந்து கழுவும்போது உப்புத் தண்ணியில் சோப்பு நுரைக்காது, எவ்வளவு தேய்த்தாலும் பாட்டில் வழுவழுவென்றே இருக்கும். தேங்காய் நாரால் தேய்த்து, கடைசியாக ஒரு சொம்பு நல்ல தண்ணியில் அலசுங்கள். மூடிக்குள் ரப்பர் வளையம் இருந்தால் அதைக் கழற்றித் தனியாகக் கழுவ வேண்டும், பால் வாடை ஒளிந்துகொள்வது அதற்கடியில்தான். பிறகு பாட்டிலைக் கவிழ்த்துவையுங்கள், ராத்திரி ஊறப்போடுவதற்குள் உள்ளே ஈரம் இல்லாமல் காய்ந்துவிட வேண்டும்.